ஒயின் திராட்சைத் தோட்டம் லாபம் தருமா? கன்று நடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு, படிப்படியாக

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் நிலம், பிறகு பிடித்த ரகம், பிறகு நடவு, நான்காம் ஆண்டில் குலை பழுத்துத் தொங்கும்போது "யாரிடம் விற்பது?" என்ற கேள்வி. லாபமோ நட்டமோ இந்த வரிசையில்தான் முடிவாகிறது. கொடியை நன்றாக வளர்க்கத் தெரிந்தவர்களே இதில் கையைச் சுட்டுக்கொள்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ள படிகள் விற்பனையில் தொடங்கி நிலத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு படியில் கிடைக்கும் எண்ணும் அடுத்த படிக்குத் தேவை என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம். கணக்கெல்லாம் ஒரு ஹெக்டேருக்கு. பணத்தை "அலகு" என்று குறித்திருக்கிறேன். அவை முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள், எந்த ஊரின் சந்தை நிலவரமும் அல்ல. உங்கள் எண்களை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மண் பரிசோதனை அறிக்கை: மேல்மண்ணுக்கு ஒன்று, ஒரு மீட்டர் ஆழம் வரை குழி தோண்டி அடிமண்ணுக்கு ஒன்று. அந்த இடத்தின் பத்து ஆண்டு வெப்பநிலை, மழைப் பதிவு. பாசன நீருக்கு எழுத்து வடிவில் உரிமை. குறைந்தது இரண்டு ஒயின் ஆலைகளுடன் நேரில் பேசிய விவரம். ஐந்து ஆண்டு சொல்லும்படியான வரவு இல்லாமல் வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு பதில்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தோட்டம் நன்றாக இருந்தும் விற்றுவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் இதில் சிக்கியவர்கள்தான்.

## 1. முதலில் வாங்குபவரைப் பிடியுங்கள்

ஒயின் திராட்சையைச் சாப்பிடும் திராட்சை போலச் சந்தையில் கொட்டி விற்க முடியாது. பழம் சிறியது, தோல் தடிமன், விதை உண்டு. ஒயின் ஆலைதான் வாங்க வேண்டும், அதுவும் பறித்த சில மணி நேரத்துக்குள் பழம் ஆலைக்குள் போய்விட வேண்டும். வாங்குபவர் இல்லையென்றால் அந்த ஆண்டுப் பயிருக்கு அநேகமாக மதிப்பே இல்லை.

ஆலையிடம் "என்ன விலை தருவீர்கள்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். எந்த ரகம் அவர்களுக்குப் போதவில்லை, எந்த ரகம் தேங்கிக் கிடக்கிறது, ஹெக்டேருக்கு எத்தனை டன்னுக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள், கடந்த மூன்று பருவங்களில் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மூன்று பருவ விலையில் மிகக் குறைந்ததை எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்கு அதுதான் வேண்டும். நல்ல ஆண்டின் விலையை வைத்துத் திட்டம் போட்டவர்களுக்கு நான்காம் ஆண்டில் மூச்சுத் திணறும். எல்லோரும் ஒரே நல்ல விலையைப் பார்த்து ஒரே ரகத்தை நட்டிருப்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் காய்ப்புக்கு வரும்.

## 2. நிலத்தைச் செலவுக் கண்ணோடு பாருங்கள்

நிலம் அழகாக இருக்கிறதா என்பதல்ல கேள்வி. ஒவ்வோர் ஆண்டும் அது எவ்வளவு கூடுதல் செலவு வைக்கும் என்பதுதான்.

உறைபனி விழும் பகுதியென்றால் பள்ளத்தைத் தவிருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தளிர் விட்ட பிறகு ஒரே இரவு வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் அந்த ஆண்டு விளைச்சலில் பெரும்பகுதி போகலாம். செங்குத்துச் சரிவில் வடிகால் நன்றாக இருக்கும், ஆனால் அறுவடை இயந்திரம் ஏறாது. எல்லா வேலைக்கும் ஆள்தான். காற்றோட்டம் இல்லாத மூலையில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் ஓயாமல் வரும், மருந்து தெளிப்பும் அதற்கேற்பக் கூடும்.

வளமான மண் கிடைத்தால் புதியவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். ஒயின் திராட்சைக்கு அது வரம் அல்ல. கொடி இலையாகவே தழைக்கும், நிழலில் பழம் சரியாகப் பழுக்காது, தளிர் கழிக்கவும் இலை கிள்ளவும் கூலி கூடும். நீர் நன்றாக வடியும் சுமாரான மண் போதும்.

## 3. ரகம், வேர்ச்செடி, கன்று

ரகத்தை ஏற்கெனவே ஆலை சொல்லிவிட்டது. அது உங்கள் தட்பவெப்பத்தில் பழுக்குமா என்று மட்டும் பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் பழுக்காத ரகம் என்றால், எவ்வளவு விலை தருவதாகச் சொன்னாலும் வேண்டாம்.

கன்றில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். மண்ணில் வாழும் ஃபைலாக்சிரா பூச்சி ஐரோப்பிய ரகங்களின் வேரை அழித்துவிடும். அதைத் தாங்கும் வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் பயன்படுத்தும் வேறு திராட்சை வகை) ஒட்டுக் கட்டிய கன்று விலை கூடுதல்தான், ஆனால் அது இருபத்தைந்து ஆண்டுக்கான காப்பு. இலைச்சுருட்டு வைரஸ் கன்றோடு சேர்ந்து வரும், பிறகு மாவுப்பூச்சி அதைக் கொடிக்குக் கொடி கடத்தும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. சர்க்கரை ஏறாது, நிறம் வராது, கொடியைப் பிடுங்குவது ஒன்றே வழி. அதனால் சான்று பெற்ற கன்றை மட்டும் வாங்குங்கள். நல்ல நர்சரிகளில் ஓராண்டுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டியிருக்கும். "இப்போதே கிடைக்கும்" என்று மிஞ்சிய கன்றை நீட்டும்போது ஏன் மிஞ்சியது என்று கேளுங்கள்.

## 4. இடைவெளி: ஒரு முடிவு, ஐந்து செலவுகள்

வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், கொடிக்குக் கொடி 1.5 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு சுமார் 2,667 கொடிகள். இதையே 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்று நெருக்கினால் 5,000. கன்றுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கவாத்துக்கு ஒரு கொடிக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் 133 மணி நேரம், இரண்டாவதில் 250 மணி நேரம். இது ஓராண்டோடு முடிவதில்லை, தோட்டம் இருக்கும்வரை தொடரும்.

கம்பியைப் பார்த்தால் இன்னும் திகைப்பாக இருக்கும். 2.5 மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் வரிசைகளின் மொத்த நீளம் 4,000 மீட்டர். பழக்கம்பி ஒன்று, தளிரைத் தாங்க மூன்று ஜோடி, ஆக ஏழு கம்பி என்றால் 28 கிலோமீட்டர் கம்பி. 6 மீட்டருக்கு ஒரு தூண் வீதம் சுமார் 670 தூண்கள், வரிசை முனைகளில் நிற்கும் பலமான கால்கள் தனி. புதியவர்கள் போடும் மதிப்பீட்டில் இந்தச் செலவு பாதியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஹெக்டேரை மனதில் ஒரு சதுரமாகப் பார்க்கிறார்கள், வரிசையாக அளப்பதில்லை.

நெருக்கி நட்டால் தரம் தானாகக் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வளம் குறைந்த மண்ணில் நெருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. வளமான மண்ணில் அது செலவை மட்டும் கூட்டும். டிராக்டரின் அகலத்தை அளந்த பிறகே வரிசை அகலத்தை முடிவு செய்யுங்கள், நட்ட பிறகு அதை மாற்ற முடியாது.

## 5. முதல் மூன்று ஆண்டுகளின் செலவு

முதல் ஆண்டில் நிலம் சீரமைப்பு, கன்று, தூண், கம்பி, சொட்டு நீர், நடவுக் கூலி. இரண்டாம் ஆண்டில் கொடியை நேராக ஏற்றிக் கட்டும் வேலை. மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு அறுவடை வரலாம். முழு விளைச்சல் ஐந்தாம் ஆண்டு வாக்கில்தான்.

உதாரணத்துக்கு முதல் ஆண்டு 25,000 அலகு, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு சிறு வரவைக் கழித்து 7,000 என்று வைப்போம். மொத்தம் 38,000. நிலத்தின் விலை இதில் இல்லை. நிலத்தைத் தனிக் கணக்காக வையுங்கள். இரண்டையும் கலந்தால், நில மதிப்பு ஏறுவதைத் தோட்டத்தின் லாபம் என்று நினைத்துவிடுவோம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டாம் ஆண்டிலேயே குலையை விட்டுவைப்பது. கொஞ்சமாவது காசு வரட்டும் என்ற ஆசைதான். வேரும் தண்டும் உருவாக வேண்டிய நேரத்தில் கொடி தன் பலத்தைப் பழத்துக்குக் கொடுத்துவிடுகிறது, முழு விளைச்சல் தள்ளிப்போகிறது.

## 6. ஆண்டுச் செலவை இரண்டாகப் பிரியுங்கள்

காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் ஆகும் செலவு ஒன்று: கவாத்து, கட்டுதல், தளிர் கழித்தல், களை, மருந்து, நீர், பழுது பார்ப்பு, காப்பீடு. டன்னுக்கு ஏற்ப ஏறி இறங்கும் செலவு இன்னொன்று: பறிப்பு, பழம் ஏற்றிச் செல்லும் வண்டி, பெட்டி. உதாரணத்தில் முதலாவது 8,000, இரண்டாவது டன்னுக்கு 200.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. விளைச்சல் பாதியாகும் ஆண்டில் செலவு பாதியாவதில்லை. 8,000 அப்படியே நிற்கும். மொத்தமாக ஒரே எண்ணை வைத்திருப்பவருக்கு இது தெரியாது.

உங்கள் உழைப்புக்கும் கூலி போடுங்கள். அதே வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். வெப்பமண்டலத்தில் கொடி குளிர்கால ஓய்வுக்குப் போவதில்லை, ஆண்டுக்கு இரண்டு கவாத்து வரும். அங்கே கூலிக் கணக்கையும் அதற்கேற்பப் போட வேண்டும்.

செத்த கொடிகளுக்கு மறுநடவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். கவாத்துக் காயம் வழியாக நுழையும் தண்டு நோய்கள் சத்தமில்லாமல் கொடிகளைக் கொல்லும். காய்ந்த வானிலை பார்த்து, பருவத்தில் தாமதமாகக் கவாத்து செய்து, பெரிய காயத்துக்கு மருந்து பூசினால் இது வெகுவாகக் குறையும்.

## 7. விளைச்சலை எண்ணிப் பாருங்கள்

"ஹெக்டேருக்கு இத்தனை டன்" என்று யாரோ சொன்னதை எழுதாதீர்கள். இப்படிக் கணக்கிடுங்கள்: காய்க்கும் கொடிகள் × கொடிக்குக் குலைகள் × குலையின் எடை.

2,667 கொடி நட்டீர்கள். அதில் பத்தில் ஒன்று காணாமலோ நலிந்தோ இருக்கும், ஆக 2,400. கொடிக்கு 24 குலை, குலைக்கு 120 கிராம் என்றால் கொடிக்கு 2.88 கிலோ, ஹெக்டேருக்கு ஏறக்குறைய 7 டன்.

தோட்டம் காய்ப்புக்கு வந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் இதை வயலில் இறங்கிச் செய்யுங்கள். பூத்து ஏழெட்டு வாரம் கழித்து காய் வளர்ச்சி சிறிது நேரம் நின்றதுபோல இருக்கும். ஒரு காயைக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள். விதையில் கத்தி தடுக்கினால், விதை இறுகத் தொடங்கிவிட்டது, அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது குலையின் எடை அறுவடை எடையில் ஏறக்குறைய பாதி. வரிசை ஓரத்தில் நிற்கும் கொழுத்த கொடிகளை விட்டுவிட்டு, உள்ளே கண்ணை மூடித் தேர்ந்ததுபோல அங்கொன்று இங்கொன்றாக எண்ணி எடை போட்டு இரண்டால் பெருக்குங்கள். ஆலைக்கு எத்தனை டன் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த விவசாயியை ஆலை மறப்பதில்லை. அதிகம் தெரிந்தால் உரிய நேரத்தில் சில குலைகளைக் கழிக்கவும் வழி இருக்கும்.

இந்த ஆண்டுக் குலையின் கரு போன ஆண்டே மொட்டுக்குள் உருவாகிவிட்டது. போன ஆண்டு இலை அடர்ந்து மொட்டு நிழலில் கிடந்திருந்தால் இந்த ஆண்டு குலை குறையும். தளிர் கழிக்கும் கூலியைக் குறைத்த பலன் அடுத்த ஆண்டு வரவில்தான் தெரியும்.

## 8. அடக்க விலை

இதுவரை சேர்த்த எண்கள் எல்லாம் இந்த ஓர் எண்ணுக்காகத்தான்.

7 டன், டன்னுக்கு 1,700 அலகு என்றால் வரவு 11,900. செலவு 8,000, பறிப்புக்கு 1,400, மொத்தம் 9,400. கையில் 2,500 நிற்கிறது. இதைப் பார்த்துத்தான் பலர் "லாபம்" என்கிறார்கள்.

தொடக்கத்தில் போட்ட 38,000ஐ நான்காம் ஆண்டு முதல் இருபத்தைந்தாம் ஆண்டு வரை, 22 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,727. அந்த முதலுக்கு 5 சதவீத வட்டி, சராசரியாகப் பாதி முதல் நிலுவையில் இருப்பதாகக் கொண்டால், 950. இரண்டையும் கழித்தால் 2,500 போய், 177 நட்டம். கையில் காசு இருக்கிறது, தோட்டம் மெல்லத் தேய்கிறது. பழைய கொடியைப் பிடுங்கி மறுபடி நட வேண்டிய ஆண்டில்தான் அது தெரியவரும்.

அடக்க விலையைக் கண்டுபிடிக்க 8,000, 1,727, 950 மூன்றையும் கூட்டி விளைச்சலால் வகுத்து, டன்னுக்கான 200ஐச் சேருங்கள். 7 டன்னில் அது சுமார் 1,725. 9 டன்னில் 1,386. 5 டன்னில் 2,335. "விளைச்சலைக் குறைத்தால் தரம் கூடும், நல்ல விலை கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எதிரே வையுங்கள். 7 டன்னிலிருந்து 5 டன்னுக்கு இறங்க, ஆலை டன்னுக்கு 600க்கு மேல் கூடுதலாக எழுதித் தர வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

பிறகு அதே கணக்கை இரண்டு முறை திருப்பிப் போடுங்கள்: விலை ஐந்தில் ஒன்று குறைந்தால், விளைச்சல் நான்கில் ஒன்று குறைந்தால். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தால் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பீர்கள் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் பரப்பைக் குறைத்துத் தொடங்குங்கள்.

## 9. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

நட்டம் அதிகமாக வரும் இடம் வயல் அல்ல, இந்தத் தாள்தான். நிதானமாகப் படியுங்கள்.

பறிப்பு நாளை முடிவு செய்வது யார்? உலர் ஒயினுக்கான பழத்தை வழக்கமாக 22 முதல் 25 பிரிக்ஸ் (சாற்றின் எடையில் சர்க்கரை ஏறக்குறைய எத்தனை சதவீதம் என்ற அளவு) வரை சர்க்கரையில் பறிப்பார்கள். 23 பிரிக்ஸில் பழம் தயாராக இருக்கிறது, ஆலை "இன்னும் கொஞ்ச நாள் தொங்கட்டும்" என்கிறது. கடைசி நாட்களில் பிரிக்ஸ் ஏறுவதற்குப் பெரும் காரணம் பழத்தில் நீர் வற்றுவதுதான். 23லிருந்து 25.5க்கு நீர் வற்றி மட்டுமே ஏறினால் எடையில் பத்தில் ஒரு பங்கு போகும். 7 டன் 6.3 டன்னாகும். பறிப்புக் கூலி மிச்சமானது போக 1,000 அலகுக்கு மேல் இழப்பு, அதாவது மேலே பார்த்த 2,500ல் ஐந்தில் இரண்டு பங்கு. சுவையின் பலன் ஆலைக்கு, எடையின் இழப்பு உங்களுக்கு. குறிப்பிட்ட பிரிக்ஸைத் தாண்டினால் டன் விலை கூட வேண்டும், அல்லது டன்னுக்குப் பதில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். இரண்டில் ஒன்று எழுத்தில் இருக்கட்டும்.

எடை எங்கே போடப்படும், சர்க்கரையை அளக்க மாதிரி யார் எடுப்பார்கள், இலை, காம்பு, அழுகல் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள், வாசலில் லாரியைத் திருப்பி அனுப்ப எந்தக் காரணங்கள் செல்லும் என்பனவும் தாளில் இருக்க வேண்டும். காட்டுத்தீ அபாயம் உள்ள இடத்தில், புகை பட்ட பழத்தை யார் சோதிப்பது, முடிவு எத்தனை நாளில் என்பதையும் சேருங்கள்.

பணம் வரும் தேதி இன்னொன்று. அறுவடைக்குப் பிறகு தவணை தவணையாகப் பல மாதம் இழுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. கவாத்துக் கூலியோ அதற்கு முன்பே கேட்கும். மாதவாரியாக ஒரு ரொக்கக் கணக்கு போட்டு, பள்ளம் விழும் மாதங்களுக்குக் கடன் வரம்பை முன்பே பேசி வையுங்கள்.

## 10. சொந்த ஒயின் போடலாமா?

டன்னுக்கு 600 முதல் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும். 7 டன்னுக்கு 650 என்று கொண்டால் 750 மில்லிலிட்டர் பாட்டில் சுமார் 6,000. பாட்டில் விலையை இதனால் பெருக்கினால் வரும் தொகை யாரையும் மயக்கும். ஆனால் 6,000 பாட்டில் என்றால் ஆண்டு முழுவதும் தினமும் 16 பாட்டில் விற்க வேண்டும். சிவப்பு ஒயின் விற்பனைக்கு வர ஓராண்டோ இரண்டோ ஆகும், அதற்குள் அடுத்த அறுவடையும் வந்து தொட்டி கேட்கும். உரிமம், வரி, பாட்டில், கார்க், 225 லிட்டர் ஓக் பீப்பாய் எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும்.

ஆசை இருந்தால் ஒரு டன்னை மட்டும் எடுத்து, கூலிக்கு ஒயின் செய்து தரும் ஆலையில் கொடுங்கள். மீதியை விற்றுவிடுங்கள். அந்த 850 சொச்சம் பாட்டில்களை விற்றுக் காசாக்கும் வரை கட்டடம் எழுப்ப வேண்டாம். ஒயின் ஆலையின் லாபத்தையும் தோட்டத்தின் லாபத்தையும் வேறுவேறு ஏட்டில் எழுதுங்கள். உங்கள் ஆலைக்கே பழம் கொடுத்தாலும் சந்தை விலையில் விற்றதாக எழுதினால்தான் எது எதைத் தூக்கிச் சுமக்கிறது என்று புரியும்.

## 11. பாத்தி பாத்தியாகப் பதிவேடு

தோட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஆள் மணி, தெளிப்பு, டன், பிரிக்ஸ், வந்த விலை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். நல்ல பாத்தியின் லாபத்துக்குள் ஒரு மோசமான பாத்தி ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஒரு பாத்தியின் வரவு தொடர்ந்து மூன்று ஆண்டு அதன் ஆண்டுச் செலவைக்கூட எட்டவில்லையென்றால், தொடக்க முதலை அந்த முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். அது எப்போதோ செலவான பணம். காரணம் ரகத்துக்குச் சந்தை இல்லாதது மட்டும் என்றால், தண்டும் வேரும் நலமாக இருந்தால், மேலே வெட்டி வேறு ரகத்தை ஒட்டுக் கட்டலாம். தூணும் கம்பியும் மிஞ்சும், ஓரிரு ஆண்டில் மறுபடி காய்க்கும். காரணம் வைரஸோ தண்டு நோயோ என்றால் ஒட்டுக் கட்டுவது வீண். பிடுங்கிவிட்டு, பழைய வேர்களை முழுவதும் எடுத்து, மண்ணைச் சோதித்து, சில பருவம் வேறு பயிரிட்டுப் பிறகு நடுங்கள். அந்தப் புது நடவுக்கும் கணக்கை முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய வாங்குபவர் இன்னும் அதே ரகத்தைக் கேட்பார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.